கம்பவுண்ட் வில் பழக வர்றீங்களா? முதலில் உடம்பை அளங்கள், அப்புறம் கடை

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு வில்வித்தையில் கம்பவுண்ட் (முனைகளில் சக்கரம் வைத்த வில்) பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கே வந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் கம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியைச் சேர்த்துவிட்டார்கள். பாக்ஸிங், கேரம், ஃபுட்பால் என்றே பேசிக்கொண்டிருந்த நம்ம வடசென்னைப் பிள்ளைகள் இப்போது "எந்த வில் வாங்கலாம்ணா?" என்று கேட்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. என் பதில் ஒன்றுதான்: வில்லின் பெயரைப் பார்க்காதே, உன் கையின் அளவைப் பார்.

சாதா வில்லை உங்கள் இஷ்டத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இழுக்கலாம். கம்பவுண்ட் அப்படி இல்லை, இரண்டு முனையிலும் இருக்கிற கேம் சக்கரம் ஒரு இடத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் சுவரில் முட்டின மாதிரி நகராது. அந்த இடம் உங்கள் டிரா லெங்க்த்தோடு, அதாவது நீங்கள் நாணை முழுசாக இழுக்கிற நீளத்தோடு, ஒத்துப்போக வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுங்கள், ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லுங்கள், வருகிற அங்குலத்தை 2.5-ஆல் வகுங்கள். 67 அங்குலம் வந்தால் 26.8, அதாவது ஏறக்குறைய 27. இது ஆரம்பக் கணக்கு, கடைசி அரை அங்குலத்தைப் பயிற்சியாளர் நீங்கள் நிற்கிறதைப் பார்த்துச் சரிசெய்வார். அளவு கூடிப்போனால் தலை பின்னால் சாயும், முன்கை விறைத்து நாண் வந்து அதிலேயே அறையும். அதனால்தான் சல்லிசாகக் கிடைக்கிறதென்று பழைய வில்லை வாங்கும்போது, அது உங்கள் அளவுக்கு மாறுமா என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, கண். தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டுப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் அந்த இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆதிக்கக் கண், எந்தக் கை வில் வாங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வலக்கை வில், இடக்கை வில் இரண்டும் தனித்தனி, ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது.

எடைக்கு வருவோம், வில்லைத் தூக்குகிற எடை இல்லை, நாணை இழுக்க வேண்டிய பாரம். போட்டியில் அதிகபட்சம் 60 பவுண்டு, அதைக் கேட்டுவிட்டு 50-ல் ஆரம்பிக்க ஆசைப்பட வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு 35 முதல் 40, பெண்ணுக்கு 25 முதல் 30 தாராளம். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், நேராக இழுக்க முடிகிறதா? சரி, அந்த எடை உங்களுடையது. முழுசாக இழுத்த பிறகு பாரம் குறைந்துவிடும். 75 சதவீதம் குறைகிற வில்லில் 40 பவுண்டுக்கு நீங்கள் தாங்கிப் பிடிப்பது 10 பவுண்டுதான், நிதானமாகக் குறி பார்க்க முடிவது அதனால்தான்.

வில்லுக்கே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு, நாணைப் பிடித்து விடுகிற சின்னக் கருவியான ரிலீஸில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. கம்பவுண்ட் நாணை வெறும் விரலால் இழுப்பதில்லை. நாணில் டி-லூப் என்று ஒரு சின்னக் கயிற்று வளையம் கட்டியிருக்கும், அதில் ரிலீஸைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். மணிக்கட்டில் வார் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்துகிற வகை முதல் வருடத்துக்குப் போதும். வாரை இறுக்கிக் கட்டிப் பாருங்கள், டிரிகர் விரல் நுனியில் மட்டும் பட்டால் நீளம் கூடுதல், இன்னும் சுருக்குங்கள். இழுக்கும்போது விரல் டிரிகருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பாதியில் தெரியாமல் பட்டுவிட்டால் உங்கள் முஷ்டியே உங்கள் வாயில் வந்து விழும்.

அம்பு கார்பனில் வாங்குங்கள், ஆறு போதும். அம்பு எவ்வளவு வளையும் என்று சொல்கிற ஸ்பைன் எண் குறையக் குறைய அம்பு விறைப்பு, வில்லின் எடையும் அம்பின் நீளமும் சொன்னால் கடைக்காரர் அட்டவணை பார்த்துத் தருவார். அம்பின் எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் (அம்பை நிறுக்கிற சின்ன எடை அளவு) கீழே போகவே கூடாது, 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெயின் என்பது அடிமட்டம், 300-க்கு மேல் இருந்தால் வில்லுக்கும் நல்லது. ஒவ்வொரு தடவை எய்வதற்கு முன்னும் அம்பை லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சின்னதாக நொறுங்குகிற சத்தம் வந்தால் அதைத் தூர எறிந்துவிடுங்கள், விரிசல் விட்ட கார்பன் எய்யும்போது உடைந்து கைக்குள் இறங்கும். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது அதைவிட மோசம், லிம்ப் (வில்லின் வளைகிற கை) உடையலாம், நாண் கேமை விட்டுத் தெறிக்கலாம். வேடிக்கை பார்க்க வருகிற நண்பர்கள் கையில் வில்லைக் கொடுக்காதீர்கள்.

அம்பைத் தாங்குகிற ரெஸ்ட்டில், அதைச் சுற்றிலும் தூரிகை இழைகள் பிடித்துக்கொள்கிற வகை புதியவர்களுக்கு நிம்மதி, அம்பு கீழே விழாது. குறி பார்க்க மூன்று பின் (குறிமுள்) உள்ள சைட், நாணுக்குள் ஒரு பீப் (கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஓட்டை). அம்பு இடப்பக்கம் போனால் பின்னையும் இடப்பக்கமே நகர்த்துங்கள். ஆர்ம் கார்டு, இடுப்பில் கட்டுகிற அம்புக்கூடு இரண்டும் சாதாரணமானதே போதும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் தனியாக ஒன்று கவனிக்க வேண்டும், உப்புக்காற்று. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, லிம்ப் போல்ட்டுக்கும் திருகுகளுக்கும் ஒரு பொட்டு எண்ணெய் விடுங்கள். நாணில் மெழுகைத் தடவி, விரலுக்குச் சூடு தெரிகிற வரை தேய்த்தால்தான் இழைக்குள் இறங்கும். பெரும்பாலான கம்பவுண்ட் வில்லுக்கு ஆலன் கீ அங்குல அளவில் வேண்டும், பாரிமுனை ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் செட்டை நீட்டினால் வாங்காதீர்கள், கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருந்து திருகின் தலையைத் தேய்த்துவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

மொட்டை மாடியில் பழகலாமா என்று கேட்பார்கள். கூடவே கூடாது. 40 பவுண்டு வில்லின் அம்பே விநாடிக்கு 60, 70 மீட்டர் போகும், நம்ம தெருக்களில் அடுத்த மாடி எட்டடி தள்ளி இருக்கிறது, அங்கே யாராவது துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். பயிற்சி மைதானத்தில் மட்டும்தான். பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகும்போது வில் மூடிய பையிலும் அம்புகள் குழாயிலும் இருக்கட்டும்.

வில் ஆடாமல் வைக்கிற நீளமான ஸ்டெபிலைசர், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், டிரிகரே இல்லாத ஹிஞ்ச் ரிலீஸ் எதையும் இப்போதே வாங்காதீர்கள். 18 மீட்டரில் ஆறு அம்பும் ஒரே இடத்தில் கொத்தாக விழ ஆரம்பித்த பிறகு பயிற்சியாளரே சொல்வார்.