கோபம் சரி, முகவரி தவறு: கிளப்பைக் காக்கப் போராடும் கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி நகரத்தில், கிக் லேன் மைதானத்துக்குள் ரசிகர்கள் கூட்டமாக நுழைந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் யாராவது கிளப்பை வாங்கிவிட்டால் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும், அதற்குள் மைதானம் தயாராக வேண்டும் என்ற நம்பிக்கை. அன்றிரவே பெரி எஃப்சி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1885இல் பிறந்த கிளப், எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை தூக்கிய கிளப். 125 ஆண்டு லீக் வாழ்க்கை ஒரே இரவில் முடிந்துபோனது.

அந்த ரசிகர்களிடம் அன்புக்கும் உழைப்புக்கும் குறைவே இல்லை. இங்கிலாந்தில் ஒரு கிளப் பணச் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் ரசிகர்கள் நடத்தும் விவாதங்களைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். எங்கே போனாலும் ஒரே காட்சிதான். கோபம் நியாயமாக இருக்கும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல், பக்கத்து இருக்கைக்காரர் மேல் பாயும்.

ஜெயிக்கும்போது கணக்கு பார்க்காமல் இருப்பது

பெரி நீக்கப்பட்ட அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன்புதான் அந்த அணி ஒரு படி மேலே உள்ள டிவிஷனுக்கு முன்னேறியது. சம்பளம் ஒழுங்காக வராமலே ஆட்டக்காரர்கள் ஆடி ஜெயித்துக் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் கிளப்பை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியிருந்தார். மைதானம் அதற்கு முன்பே அடமானத்தில் இருந்தது. இவை ரகசியமும் இல்லை. பிரிட்டனில் எந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கையும், அதன் சொத்து மீதுள்ள அடமானப் பதிவையும் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசு நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

ஆகவே கோஷம் எழுதுவதற்கு முன்னால் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். கணக்கு தாமதமாகத் தாக்கல் ஆகிறதா? கடன் யாரிடம், என்ன ஈட்டின் மேல் வாங்கியது? உரிமையாளர் போட்ட பணம் முதலீடா, திருப்பிக் கேட்கக்கூடிய கடனா? மைதானம் யார் பெயரில் இருக்கிறது?

நான்காவது கேள்விதான் பெரும்பாலும் யாரும் கேட்காதது. டெர்பி கவுன்ட்டி 2018இல் தன் பிரைட் பார்க் மைதானத்தைத் தன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கே 8.1 கோடி பவுண்டுக்கு விற்றது. கணக்கில் லாபம் தெரிந்தது. ரெடிங், ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்களிலும் இதே மாதிரி மைதானம் உரிமையாளர் பக்கம் போனது. இதன் விளைவு வருடங்கள் கழித்துத்தான் தெரியும். கிளப்பை வாங்க ஒருவர் வருவார். மைதானம் அதோடு வராது. தனி விலை, தனிப் பேரம். விற்பனை மாதக்கணக்கில் இழுக்கும். அந்தச் சமயத்தில் ரசிகர்கள் “விற்றுத் தொலை” என்று கத்தினால் போதாது; “மைதானத்தோடு சேர்த்து விற்று விடு” என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

“வெளியே போ” என்பதோடு நிறுத்திக்கொள்வது

லிவர்பூல் ரசிகர்கள் இரண்டு முறை செய்து காட்டியதை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

முதலாவது 2010. டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2007இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கினார்கள். அந்தக் கடனின் கெடு 2010 அக்டோபரில் முடிய இருந்தது. கடன் கொடுத்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், உள்ளிருப்பும் நடத்தினார்கள். ஆனால் கூடவே இன்னொரு வேலையும் செய்தார்கள். கெடுவைத் தள்ளிப்போட ஹிக்ஸ் எந்த நிதி நிறுவனத்தை அணுகினாலும், அந்த நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் போயின: இந்த ஆளுக்குக் கடன் கொடுத்தால் உங்கள் பெயர் எங்கள் ஊரில் கெடும் என்று. புதுக்கடன் கிடைக்கவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போய், அக்டோபர் 15 அன்று கிளப் 30 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. ரசிகர்களின் இணையப் பிரச்சாரம்தான் தன் கழுத்தைப் பிடித்தது என்று ஹிக்ஸே பிறகு தொலைக்காட்சியில் புலம்பினார். உரிமையாளருக்கு ரசிகன் மேல் பயம் இருக்க வேண்டியதில்லை. அவருக்கு எவர் மேல் பயம் என்று கண்டுபிடித்து அவரிடம் பேசினார்கள்.

இரண்டாவது 2016 பிப்ரவரி 6. புதிதாகக் கட்டும் மெயின் ஸ்டாண்டில் ஒரு டிக்கெட் 77 பவுண்டு வரை போகும் என்று புதிய உரிமையாளர்கள் அறிவித்திருந்தார்கள். சண்டர்லேண்டுடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 முன்னிலை. 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியை விட்டு, டிக்கெட் காசு கொடுத்தவர்கள், பாட்டை நிறுத்திவிட்டு வாசலை நோக்கிப் போனார்கள். இடைவெளி விழுந்த கேலரியின் முன்னால் சண்டர்லேண்டு இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கியது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுண்டு திட்டத்தைக் கைவிட்டு, டிக்கெட் விலையை இரண்டு சீசனுக்கு உறைய வைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு ஒரு எண், ஒரு நிமிடம். மறுக்க உரிமையாளரிடம் சாக்கு இல்லை.

பத்துக் கோரிக்கையைப் பதாகையில் எழுதினால் எதிராளி அதில் சுலபமானதை நிறைவேற்றிவிட்டு நல்ல பெயர் எடுத்துக்கொள்வார்.

போகிறவன் துரோகி, போகாதவன் துரோகி

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருத்தம் வருகிறது.

சிக்கல் ஆரம்பித்த உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். “டிக்கெட் வாங்குவது அந்த ஆள் பையை நிரப்புவது” என்று ஒரு பக்கம். “நாங்கள் ஆடுகிறவர்களுக்காகப் போகிறோம், உரிமையாளர் வருவார் போவார்” என்று மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அப்பா கையைப் பிடித்து முதன்முதலில் உட்கார்ந்த இருக்கையை விட்டுக்கொடு என்று எழுபது வயதுக்காரரிடம் சொல்வது லேசான விஷயமா? அதே மாதிரி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் இருப்பவரை “நல்ல நாளில் மட்டும் வருகிறவன்” என்று ஏசுவது என்ன நியாயம்?

கவென்ட்ரி ரசிகர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2013இல் வாடகைத் தகராறில் அவர்களுடைய அணி ஊரை விட்டு நார்தாம்ப்டனில் போய் ஆடியது. போனவர்கள் கொஞ்சம் பேர். இன்னும் சிலர் அங்கே வரை பயணம் செய்து, டிக்கெட் வாங்காமல், மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்று பார்த்தார்கள். குளிரிலும் மழையிலும் பாதி மைதானம்தான் தெரியும். அணியை விடவும் மனசில்லை, காசு கொடுக்கவும் மனசில்லை. அந்த மேட்டில் நின்றவர்களைத் துரோகி என்று யார் சொல்ல முடியும்?

பிளாக்பூலில் புறக்கணிப்பு நான்கு வருடத்துக்கு மேல் நீடித்தது. 2010இல் பிரீமியர் லீகுக்குப் போனபோது வந்த பெரும்பணத்தை ஆய்ஸ்டன் குடும்பம் கிளப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. 2017 நவம்பரில் நீதிமன்றமும் அது முறையற்ற உருவல்தான் என்று தீர்ப்பளித்து, சிறுபங்குதாரர் வலேரி பெலகோனுக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் கிளப் நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் கைக்கு வந்தது. மார்ச் 9, சவுத்எண்டுடன் ஆட்டம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். இதற்கிடையில் போனவர்களும் போகாதவர்களும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்கள் உண்டு. அது தேவையே இல்லாத காயம்.

என் கருத்து: புறக்கணிப்பு ஒரு கருவி. எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஆட்டத்துக்கு, முன்கூட்டியே சொல்லிச் செய்தால் வலிக்கும். 2025 அக்டோபர் 22 அன்று மிடில்ஸ்பரோவுடன் நடந்த ஆட்டத்துக்கு, நாற்பதாயிரம் பேர் வரை அமரும் ஹில்ஸ்பரோவில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான் என்று கணக்குச் சொன்னது ஷெஃபீல்டு வென்ஸ்டே. இரண்டு நாளில் கிளப் திவால் நிர்வாகத்துக்கு, அதாவது கடனில் மூழ்கிய கிளப்பை வெளி நிர்வாகி ஏற்று நடத்தும் நிலைக்குப் போய், உரிமையாளர் தேஜ்போன் சன்சிரியின் பிடி விட்டது. புறக்கணிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மாதா மாதம் தள்ளிப்போன சம்பளமும் வரி பாக்கியும் ஏற்கெனவே கழுத்தை நெரித்திருந்தன. நிர்வாகி வந்த மறுகணமே அதே ரசிகர்கள் டிக்கெட்டும் ஜெர்சியும் வாங்க முண்டியடித்தார்கள். எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்த கூட்டம்.

போக விரும்புகிறவருக்கும் வழி இருக்கிறது. உள்ளே போங்கள், ஆனால் பீரும் தின்பண்டமும் வாங்காதீர்கள், கிளப் கடைப் பக்கம் போகாதீர்கள். முழுப் புறக்கணிப்பு முடியாதவரைப் பகையாளி ஆக்காமல் பக்கத்தில் வைத்துக்கொள்ள இந்த ஒரு ஏற்பாடு போதும்.

ஊரையும் நிறத்தையும் திட்டுவது

ரெடிங்கின் முந்தைய உரிமையாளர் சீனர், வென்ஸ்டேயின் சன்சிரி தாய்லாந்துக்காரர். உடனே “வெளிநாட்டான் இப்படித்தான்” என்று ஒரு குரல் எழும். பெரியை முடித்த ஸ்டீவ் டேல் இங்கிலாந்துக்காரர். ஆய்ஸ்டன் குடும்பம் லங்காஷயர் மண்ணில் வேர் விட்டது. நியூகாசில் ரசிகர்கள் பதினான்கு வருடம் எதிர்த்த மைக் ஆஷ்லியும் ஆங்கிலேயர்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திட்டுகிறவர் கணக்கைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதோடு, அந்த ஒரு கோஷத்தைக் காட்டியே உரிமையாளர் மொத்தப் போராட்டத்தையும் இனவெறி என்று ஒதுக்கிவிடலாம்.

இதை ஒட்டியே இன்னொன்று: ஆதாரமில்லாமல் “திருடன்” என்று எழுதுவது. ஆய்ஸ்டன் தரப்பு ரசிகர்கள் மீதே அவதூறு வழக்குப் போட்டது. கணக்கில் இருப்பதை எழுதுங்கள், அதுவே போதுமான அளவு சுடும்.

மைதானத்துக்குள் ஓடுவது

2024 ஜனவரி 13, ரெடிங் – போர்ட் வேல். 16ஆவது நிமிடத்தில் டென்னிஸ் பந்துகள் பறந்தன. அந்த உரிமையாளர் காலத்தில் கிளப் தண்டனையாக இழந்த 16 புள்ளிகளுக்கு ஒரு நிமிடம் வீதம் கணக்கு. அடுத்து நூற்றுக்கணக்கானோர் உள்ளே இறங்க, ஆட்டம் கைவிடப்பட்டது. தேசம் முழுக்கச் செய்தி ஆனது உண்மை. ஆனால் விற்பனை முடிய 2025 மே ஆகிவிட்டது. அதுவும் லீக் அமைப்பு அந்த உரிமையாளரைத் தகுதியற்றவர் என்று சொல்லிக் கெடு வைத்த பிறகு. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டக்களத்தில் கால் வைப்பதே குற்றம். வருடக்கணக்கில் மைதானத் தடை வரும். தடை வாங்குகிறவர் பெரும்பாலும் பத்தொன்பது வயதுப் பையன். அபராதம் வந்தால் அதையும் கிளப்தான் கட்டும், ஏற்கெனவே காலியான அதே கல்லாவிலிருந்து.

ஜெர்மனியில் டென்னிஸ் பந்து வேலை செய்ததே என்று கேட்பீர்கள். அங்கே 2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க முடிவானது. 36 கிளப்களில் 24 ஆதரவு, அதாவது சரியாகத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு. ஒரு ஓட்டு மாறினால் கவிழும் முடிவு. ஊருக்கு ஊர், போட்டி அணிகளின் ரசிகர்கள்கூட ஒரே சமயத்தில் பந்தும் சாக்லேட் நாணயமும் எறிந்தார்கள், பன்னிரண்டு நிமிடம் மௌனம் காத்தார்கள். களத்துக்குள் இறங்காமல், கேலரியில் இருந்தபடியே. 2024 பிப்ரவரி 21இல் லீக் திட்டத்தைக் கைவிட்டது. அங்கே கிளப் உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பின்பலம் இல்லாத ஊரில் பந்தை மட்டும் நகல் எடுத்தால் பலன் பாதிதான்.

திவால் நிர்வாகத்தை வெற்றியாகக் கொண்டாடுவது

சில சமயம் அது ஒன்றே வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை தெரிந்திருக்கட்டும். லீக் உடனே 12 புள்ளி வெட்டும். ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுண்டுக்குக் குறைந்தது 25 பென்ஸாவது கொடுக்காமல் வெளியே வந்தால் இன்னும் 15. கால்பந்துக் கடன்கள், அதாவது ஆட்டக்காரர் சம்பளமும் மற்ற கிளப்களுக்கான பாக்கியும் முழுதாகத் தீர்க்கப்படும். தின்பண்டம் சப்ளை செய்தவரும் மின்வேலை பார்த்தவரும் வரிசையின் கடைசியில். அவர்களும் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள், அதே ஸ்கார்ஃப் போட்டவர்கள்.

உண்டியலில் காசு போடுவது

2023 அக்டோபரில் சன்சிரி, ரசிகர்கள் தலைக்கு 100 பவுண்டு கொடுத்தால் கிளப்பின் உடனடிப் பாக்கிகள் தீரும் என்ற ரீதியில் கேட்டார். பங்கு தராமல், கணக்கு காட்டாமல் கேட்கிறவருக்குக் காசு கொடுக்கக் கூடாது. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டார்கள். பதிலுக்குப் பங்கு வாங்கினார்கள். 2013இல் கிளப்பை மீட்டு, கடனை அடைத்து, 2017இல் விற்கலாமா என்று தாங்களே வாக்களித்து முடிவு செய்தார்கள்.

தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது

இது நமக்கு. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு விழித்து ஆட்டம் பார்க்கிற நம்மில் பலர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். 2021 மே 2 அன்று கிளேசர் குடும்பத்துக்கு எதிராக ஓல்ட் டிராஃபோர்டுக்குள் ரசிகர்கள் புகுந்து லிவர்பூல் ஆட்டம் தள்ளிப்போனபோது, “ஆட்டத்தைக் கெடுத்துட்டாங்க” என்று இங்கே கோபப்பட்டவர்கள் அதிகம். 2005இல் அந்தக் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. அந்த வட்டியை வருடா வருடம் சுமக்கிறவர் சீசன் டிக்கெட் வாங்குகிற, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு ஊர்க் குடும்பஸ்தர். அவர் ஏன் கத்துகிறார் என்று கேட்ட பிறகு பேசலாம்.

விற்றாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவது

பெரியில் லீக் இடம் போன பிறகும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்கினார்கள். இன்னொரு ரசிகர் குழு கிக் லேனை மீட்டது. இரண்டையும் இணைக்க 2022இல் நடந்த வாக்கெடுப்பு தேவையான ஆதரவை எட்டாமல் தோற்றது. மறு வருடம் திரும்ப வாக்களித்து ஒன்றானார்கள். 2023இல் கிக் லேனில் மறுபடி பெரி எஃப்சி என்ற பெயரில் அணி இறங்கியது, பல படி கீழான லீக்கில்.

பிரிட்டனில் 2025 ஜூலையில் கால்பந்துக்கென்றே தனி ஒழுங்காற்று ஆணையம் அமைக்கும் சட்டம் வந்துவிட்டது. இனி உரிமையாளரைச் சோதிக்க ஓர் அமைப்பு இருக்கும். அதற்காக ரசிகர் சங்கம் கலைந்துவிடக் கூடாது. மைதானத்தைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்யும்படி நகராட்சியிடம் சங்கமே விண்ணப்பிக்கலாம். பதிவானால் ஐந்து வருடம் செல்லும். விற்க முயன்றால், ஊர்க்காரர்கள் வாங்க முன்வர ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அந்த விண்ணப்பத்தை அணி ஜெயித்துக்கொண்டிருக்கிற, சம்பளம் ஒழுங்காகப் போகிற, புது உரிமையாளர் எல்லோருக்கும் கைகொடுக்கிற வாரத்தில் போட வேண்டும்.