வடக்கு வாய்க்கால் கிழக்கே போன கதை

கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளுக்கு வருடா வருடம் சந்தா கட்டக் கையில் வசதியில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேடைப் போட்டேன். மன்னார்குடி பக்கம் பாகப்பிரிவினைக்காக 1 மா நஞ்சை அளந்ததுதான் அதில் முதல் வேலை.

டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி பதிந்த புள்ளிகளை ஏற்றிக் கோடு இழுத்தேன். பரப்பு 1,335 சதுர மீட்டர், அதாவது 33 சென்ட். சரியாக வந்துவிட்டது என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பெரியவர் வரப்பில் நின்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, வாய்க்கால் வடக்கால இருக்கு. நீங்க கிழக்கால போட்டிருக்கீங்களே?”

என் கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் நார்த்திங்கை, அதாவது வடக்குத் தூரத்தை, முதலில் எழுதுகிறது. லிப்ரேகேட் முதலில் எடுப்பது எக்ஸ், அதாவது ஈஸ்டிங் என்னும் கிழக்குத் தூரம். இரண்டும் மாறினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும், பரப்பு மட்டும் மாறாது. நான் பரப்பை மட்டும் சரிபார்த்ததால் தப்பு கண்ணில் படவில்லை. எக்செல்லில் இரண்டு பத்திகளையும் இடம் மாற்றி மறுபடி ஏற்றினேன். வாய்க்கால் வடக்கே வந்து உட்கார்ந்தது.

யூடிஎம் என்ற உலக ஆயத்தொலை முறையின் 44வது மண்டலத்தில் நம் டெல்டாவுக்கு ஈஸ்டிங் 6 இலக்கம், நார்த்திங் 7 இலக்கம். இப்போது ஏற்றும் முன் முதல் வரியில் இலக்கங்களை எண்ணிவிடுகிறேன். அப்புறம், படம் கேட்பவர்களுக்கு மற்ற கேட் மென்பொருள்களிலும் திறக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பாகவே கொடுக்கிறேன்.