ஃப்ரேஸல் வெர்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'காட்டிக்கொடு' என்ற சொல்லை, தமிழ் கற்கும் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். காட்டு தெரியும், கொடு தெரியும். இரண்டும் சேர்ந்தால் துரோகம் எங்கிருந்து வந்தது என்று முழிப்பார். ஆங்கிலத்தில் ஒரு வினையோடு இன், ஆஃப், டவுன் போன்ற குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேஸல் வெர்ப். கிவ் இன், புட் ஆஃப், டர்ன் டவுன் எல்லாம் பார்த்து நாம் முழிப்பதும் அதே முழிதான். நமக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. 1755-இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, அயலாருக்கு மிகவும் சிரமம் தருவது இந்த வகைச் சொற்கள்தான் என்று சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார்.

முதல் தவறு, உடைத்துப் பொருள் பார்ப்பது. புட் என்றால் வை, அப் என்றால் மேலே, வித் என்றால் உடன். கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறாது. புட் அப் வித் என்றால் சகித்துக்கொள். உடைக்காமல், அதற்கு ஈடான தமிழ்க் கூட்டுவினையைத் தேடுங்கள். புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் விட்டுக்கொடு. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். பல சொற்கள் இப்படி அழகாக உட்கார்ந்துவிடும். உட்காராதவற்றை வாக்கியத்தோடு படித்துக்கொள்ளலாம்.

வாக்கியத்தோடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'கெட்' வரிசையில் இருபது, 'டேக்' வரிசையில் இருபது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் மறுவாரமே எல்லாம் கலந்துவிடும். போதாததற்கு ஒரே சொல்லுக்குப் பல பொருள். விமானம் டேக் ஆஃப் ஆகும். செருப்பையும் டேக் ஆஃப் செய்யலாம். டர்ன் டவுன் என்பது டிவி சத்தத்துக்கு என்றால் குறைப்பது, வேலை வாய்ப்புக்கு என்றால் வேண்டாம் என்பது. மழையால் மேட்ச் புட் ஆஃப் ஆனால் வேறொரு நாளில் நடக்கும். கால் ஆஃப் ஆனால் அவ்வளவுதான், ரத்து. இந்த இரண்டையும் குழப்பினால் ஆளில்லாத மைதானத்தில் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது நம் வீட்டிலேயே விளைந்த தவறு. 'லைட்டை ஆஃப் பண்ணு' என்கிறோம். ஸ்விட்ச் ஆஃப் என்பதில் வினையைக் கழற்றி எறிந்துவிட்டு வாலை மட்டும் தமிழ் வைத்துக்கொண்டது. தமிழுக்கு அது போதும், 'பண்ணு' இருக்கிறதே. ஆனால் ஆங்கிலம் பேசும்போதும் அதே பழக்கத்தில் 'ஆஃப் த லைட்', 'ஆன் த ஃபேன்' என்று வருகிறது. ஆங்கிலத்தில் வெறும் வால் நிற்காது. டர்ன் அல்லது ஸ்விட்ச் முன்னால் வந்தே ஆக வேண்டும்.

அந்த வாலை எங்கே செருகுவது என்பதில்தான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 'டர்ன் ஆஃப் த டிவி' சரி. 'டர்ன் த டிவி ஆஃப்' என்பதும் சரி. டிவிக்குப் பதில் இட் வந்தால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்றால் தவறு. லுக் ஆஃப்டர் மாதிரிச் சில சொற்கள் பிரியவே பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டும்தான். எது பிரியும், எது பிரியாது என்பதற்குச் சூத்திரம் தேட வேண்டாம். கற்போருக்கான அகராதியைத் திறந்தால் புட் சம்திங் ஆஃப் என்று நடுவில் இடம் விட்டிருப்பார்கள். பிரியாத சொல் என்றால் சம்படி, சம்திங் எல்லாம் கடைசியில் இருக்கும். அந்தச் சின்ன அடையாளத்தை யாரும் கவனிப்பதில்லை.

இல்லாத வாலை ஒட்டுவதும் உண்டு. 'கோப் அப் வித்' என்று ஒன்று கிடையாது, சமாளிப்பதற்குக் கோப் வித் மட்டும்தான். கேட்ச் அப் வித் போன்றவற்றைக் கேட்ட பழக்கத்தில் 'அப்' தானாக ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மை இன்றைய வழக்கில் பிரிட்டனில் ஃபில் இன் செய்வார்கள், அமெரிக்காவில் ஃபில் அவுட். ஃபில் அப் என்பது வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது.

பிறகு, நம் ஊர் பயோடேட்டாக்களில் தவறாமல் வரும் பாஸ் அவுட். பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தில் நடக்கும் பாசிங் அவுட் பரேடில் அதற்குப் பயிற்சி முடித்து வெளியேறுவது என்று பொருள். ராணுவத்துக்கு வெளியே, பிரிட்டன்காரரிடமோ அமெரிக்கரிடமோ 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்றால், அந்த வருடம் மயங்கி விழுந்ததாகத்தான் முதலில் தோன்றும். கிராஜுவேட்டட் என்று சொல்லிவிடுங்கள்.

எழுதும்போது மட்டும் வரும் ஒன்று பாக்கி: லாகின், பேக்கப், செட்டப். பெயர்ச்சொல் என்றால் ஒரே சொல்லாகச் சேர்த்து, வினை என்றால் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'பேக்டு அப்' என்றுதான் வாயில் வரும், 'பேக்கப்டு' என்று வராது. நடுவில் 'டு' நுழைகிறது என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது.