வன்னியில் கிணறு வெட்டுமுன்: வழக்கமாக விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வன்னியில் காணி வாங்கியவர்கள் விடும் முதல் பிழை, அங்குள்ள கிணற்றை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வெட்டுவது. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்து உருவான கல் என்பதால் பொந்தும் வெடிப்பும் நிறைய. மழைநீர் இறங்கித் தேங்கி நிற்கும். பூநகரிப் பக்கமும் மன்னார்க் கரையோரமும் அப்படித்தான். வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் வந்தால் கதை வேறு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து, நெரிந்து, உருமாறிய கருங்கல் அது. புவிச்சரிதவியலாளர் அந்தப் பாறைகளுக்கு வைத்த பெயரே வன்னித் தொகுதிதான்.

அந்தக் கல்லுக்குள் தண்ணீர் நிற்க இடமில்லை. மேலே உக்கிப்போன கல்லிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று நினைத்து, தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள். பார்த்த இடத்தில் பலமுறை தண்ணீர் வரும்தான். உக்கிய கல் தடிப்பாக உள்ள காணியென்றால் பக்கத்தில் வெட்டினாலும் வரும், தேங்காய்க்கு அதில் பெரிய பங்கில்லை. எங்கள் வளவில் குழாய்க்கிணறு அடித்தபோது முதல் துளையில் வந்தது வெறும் கல்மா. நாற்பது அடி தள்ளி அடித்ததில் தண்ணீர். இரண்டு இடத்தையும் பார்த்துத் தந்தது ஒரே ஆள்தான்.

இன்னும் ஆழமாக அடித்தால் தண்ணீர் கூடும் என்பதும் எப்போதும் சரிவராது. ஆழம் போகப் போக மேலே உள்ள பாரத்தில் வெடிப்புகள் இறுகிவிடும், காசுதான் கரையும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஆழம் இன்னும் ஆபத்து. அங்கே நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு எவ்வளவு மேலே ஏறும் என்று நீங்களே பாருங்கள்.

மாரியில் வெட்டுவதும் பிழை. தை மாதம் எந்தக் குழி தோண்டினாலும் ஊற்று வரும். ஆவணி, புரட்டாதியில் வெட்டி, அப்போதும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த பிழை கேத்திலுக்குள் இருக்கிறது. அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் கல்சியம். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தில் கெடும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது புளோரைட்டுக்கு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ருசியுமில்லை. கருங்கல்லில் உள்ள சில கனிமங்களில் இருந்து மெல்ல மெல்லக் கரைந்து வருகிறது. வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரின் பல்லில் காணும் மண்ணிறக் கறையைப் பல் தீட்டாத குற்றம் என்று ஏசுவது பாவம். பல் முரசுக்குள் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் அடையாளம் அது, தீட்டிப் போகாது.

கொதிக்கவைத்துக் குடித்தால் சரி என்று நினைப்பதுதான் இதில் பெரிய பிழை. கொதித்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிஞ்சியதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடித்தாலும் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயிலில் நின்று நிறையத் தண்ணீர் குடிக்கும் ஊருக்கு அதுவே அதிகம். கிணற்று நீரை ஒருமுறையாவது ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடுதலாக இருந்தால் குளிக்க, தோய்க்க அந்தக் கிணறு போதும். குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ (நுண்சவ்வில் அழுத்தி வடித்த) தண்ணீரோ, கூரையில் பிடித்த மழைநீரோ பாவிக்கலாம்.

அப்புறம் குளம். ஊர்ச் சிறுகுளத்தைத் தூர்த்துக் காணியாக்கியவர்கள், அடுத்த கோடையில் குளக்கட்டுக்குக் கீழே கிணறுகள் வற்றும்போது மழையைக் குறை சொல்கிறார்கள். குளத்தில் தேங்கியதுதானே மண்ணுக்குள் கசிந்து அந்தக் கிணறுகளுக்கு வந்தது.

எங்கள் கிணற்று வாளிக் கயிற்றில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் நிற்கிறது என்று கலண்டரில் குறிப்பேன். போன தையில் நான்கு, புரட்டாதியில் பதினொன்று.