சிந்தனை நடைமுறைகள்: வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

மாணவர்கள் தம் சிந்தனையைப் படிப்படியாக வெளிப்படுத்த உதவும் சிறு பயிற்சிகளே சிந்தனை நடைமுறைகள். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு ‘பார்ப்பது, நினைப்பது, வியப்பது’ என்று எழுதிவிட்டால் அந்தச் சிந்தனை வெளியே வந்துவிடும் என்று நானும் நம்பியிருக்கிறேன். வராது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1967இல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வுக் குழு, ஆசிரியர்களோடு சேர்ந்து இத்தகைய நடைமுறைகளை உருவாக்கியது. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்து, அதற்கேற்பப் பாடத்தைத் திருப்ப வேண்டும் என்பதற்காகத்தான். கட்டங்களை நிரப்புவதற்காக அல்ல.

முதல் தவறு சொல்லிலேயே இருக்கிறது. கேள்வி எழுவதைக் குறிக்கும் ‘wonder’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘வியப்பது’ என்று எழுதினால் பிள்ளைகள் ‘மிகவும் அழகாக இருக்கிறது’ என்று எழுதுவார்கள். தமிழில் வியப்பு என்றால் ஆச்சரியம்தானே! ‘உனக்குள் எழும் கேள்வி’ என்று மாற்றிப் பாருங்கள், அந்தக் கட்டம் உயிர்பெறும்.

பார்த்ததையும் நினைத்ததையும் ஒன்றாகக் கலக்க விடுவது இதைவிடப் பெரிய தவறு. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ‘பார்ப்பது’ கட்டத்தில் பலர் ‘ஆக்சிஜன் தீர்ந்தது’ என்று எழுதுவார்கள். ஆக்சிஜனைக் கண்ணால் கண்டவர் யார்? சரியான விடை என்று நாமும் அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

சோதனையை மறுபடி செய்து, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கவிழ்த்த கணத்தில் விளிம்பில் குமிழிகள் வந்தன என்பாள் ஒருத்தி. எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது என்பான் இன்னொருவன். தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்தது என்றால், எரியும்போதே அல்லவா ஏறியிருக்க வேண்டும்? சூட்டில் விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் அதுதான். சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்த முதல் கட்டத்தைக் கறாராகக் காத்தால்தான் இந்த உரையாடலே பிறக்கும்.

‘எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?’ என்பது அருமையான கேள்வி. ஆனால் நம் வகுப்புகளில் அது அதட்டலாகக் கேட்கும். தவறான விடைக்கு மட்டுமே ஆசிரியர் காரணம் கேட்பார் என்று பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். கேட்டதும் ‘இல்லை டீச்சர்’ என்று விடையை மாற்றிவிடுகிறார்கள். சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் தவறாமல் கேளுங்கள். சில வாரங்களில் அந்தப் பயம் தெளியும்.

கேட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ பல வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, காரணங்கள் கூடின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பே சேர்ந்து ‘ஆமாம் டீச்சர்’ என்று கோரஸாகச் சொல்வதில் யாருடைய சிந்தனையும் தெரியாது. கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த ‘யோசி, இணையோடு பேசு, பகிர்’ முறையிலும் நாம் முதலில் வெட்டுவது தனியாக யோசிக்கும் அந்த அமைதியைத்தான். அதை வெட்டினால், வேகமாகப் பேசும் பிள்ளையின் கருத்தே இருவரின் கருத்தாகிவிடும்.

கட்டங்களில் எழுதுவதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்ட அன்றே, நினைத்ததை எழுதுவதை விட்டு நாம் எதிர்பார்ப்பதை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது கட்டத்துக்கு நேர்வதுதான். மணி அடிக்கிறது, பலகை துடைக்கப்படுகிறது, கேள்விகளும் போய்விடுகின்றன. ‘இரண்டு மெழுகுவத்தி வைத்தால் என்ன ஆகும்?’ என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். தம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் கூடப்போவதில்லை, சூடு மட்டும் கூடும். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறினால், ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்ற விளக்கம் அங்கேயே ஆட்டம் காணும். அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் வகுப்புக்கு இன்னொரு மெழுகுவத்தி எடுத்துச் செல்லுங்கள்.