மூளைக் கட்டி எவ்வளவு மூர்க்கமானது: எம்ஆர்ஐயை எப்படிப் படிப்பது

கான்ட்ராஸ்ட் (ரத்தத்தில் செலுத்தும் சாயமருந்து) போட்டதும் கட்டி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே ஹை கிரேடு (மூர்க்கமான கட்டி) என்று எழுதிவிடாதீர்கள். அங்கே ரத்தக்குழாய் கசிகிறது என்பதற்கு மேல் அந்த வெள்ளை எதையும் சொல்வதில்லை. சீழ்க்கட்டியிலும் ரேடியேஷன் புண்ணிலும் அது வரும், மோசமான க்ளையோமா (மூளையின் தாங்கு செல்களில் தொடங்கும் கட்டி) சிலவற்றில் வராமலும் போகும்.

முதலில் டிஃப்யூஷன் (திசுவில் தண்ணீர் நகர்வதைக் காட்டும் படம்), அதுவும் அந்த நகர்வை எண்ணாகக் காட்டும் ஏடிசி மேப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் நகர வழியில்லாமல் ஏடிசி குறையும். குறைவு நடுக்குழிக்குள் இருந்தால் சீழ் என்று சந்தேகப்படுங்கள், சுற்றியுள்ள திடப்பகுதியில் இருந்தால் கட்டி.

அப்புறம் பெர்ஃப்யூஷன் (திசுவின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்), எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். எதிர்ப்பக்கத்து நல்ல வெள்ளைப்பொருளோடு ஒப்பிட்டு ஆர்சிபிவி (ஒப்பீட்டு ரத்தக் கொள்ளளவு) எடுங்கள், பெரிய ரத்தக்குழாயும் ரத்தக்கசிவும் ஆர்ஓஐக்குள் (அளப்பதற்காக வரையும் பகுதிக்குள்) வந்துவிடக் கூடாது. ஹை கிரேடுக்கு 1.75 என்ற எல்லைக்கோட்டைப் பலரும் சொல்வார்கள், ஆனால் ஸ்கேனரும் மென்பொருளும் மாறினால் எண்ணும் மாறும், போதாக்குறைக்கு ஆலிகோடென்ட்ரோக்ளையோமா என்ற க்ளையோமா வகை லோ கிரேடாக இருந்தே உயர்ந்த ஆர்சிபிவி காட்டும். குழாயிலிருந்து கசிந்த கான்ட்ராஸ்டைக் கணக்கில் எடுக்கும் கசிவுத் திருத்தம் செய்தார்களா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள், செய்யாவிட்டால் மதிப்பு பொய்யாகக் குறையலாம். கட்டியோடு நிற்காமல் சுற்றியுள்ள வீக்கத்தையும் அளந்து பாருங்கள்: மிக மூர்க்கமான க்ளையோமாவான க்ளையோபிளாஸ்டோமா அதற்குள்ளும் ஊடுருவுவதால் அங்கேயும் ஆர்சிபிவி ஏறும், வேறு உறுப்பிலிருந்து பரவிய மெட்டாஸ்டாசிஸில் பெரும்பாலும் அது வெறும் நீர்க்கோவைதான். ஏடிசி நன்றாகக் குறைந்தும் ஆர்சிபிவி அந்த அளவுக்கு ஏறவில்லையா? லிம்போமாவாக (நிணநீர்ச் செல் புற்றுநோயாக) இருக்கலாம், சிகிச்சை தரும் டாக்டருக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்டீராய்டை முதலில் கொடுத்துவிட்டால் பயாப்ஸியில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி துணைச் சாட்சி மட்டுமே. கட்டியில் வரைபடத்தின் 3.2 பிபிஎம் இடத்தில் கோலின் (செல் சவ்வுப் பொருள்) ஏறி 2.0இல் என்ஏஏ (நரம்புச் செல் பொருள்) இறங்கியிருக்கும், 1.3 பக்கம் லிப்பிட், லாக்டேட் வந்தால் நெக்ரோசிஸை (திசு இறப்பை) நினைக்கலாம். வாக்ஸல் (அளவெடுக்கும் பெட்டி) மண்டையோட்டை ஒட்டினால் கொழுப்பு கலந்து எல்லாம் கெடும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டிக்குப் பெயர் வைப்பது பயாப்ஸியில் எடுத்த திசுதான். 2021 டபிள்யூஹெச்ஓ வகைப்பாட்டில் ஐடிஹெச் போன்ற மரபணுச் சோதனை இல்லாமல் பெயர் முழுமையாகாது. அதனால் ஆர்சிபிவி உச்சமாகவும் ஏடிசி அடிமட்டமாகவும் இருக்கும் இடத்தை ஸ்லைஸ் எண்ணோடு ரிப்போர்ட்டில் எழுதுங்கள், ஊசி எங்கே போக வேண்டும் என்பது சர்ஜனுக்குத் தெரியட்டும்.

சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேன் என்றால் ரேடியேஷன் முடிந்த தேதியைக் கேட்காமல் படிக்கவே ஆரம்பிக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் வெள்ளைப்பகுதி பெரிதாகி, ஆர்சிபிவி குறைவாகவே இருந்தால் அது பொய் வளர்ச்சியாக (கட்டி வளராமல், சிகிச்சையின் விளைவால் வளர்ந்ததுபோலத் தெரிவதாக) இருக்க வாய்ப்பு அதிகம், சில வாரங்களில் மறு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.