களனி கங்கை பெருகுமா? கொழும்பில் இருந்தபடியே கணிப்பது எப்படி

வெல்லம்பிட்டி, கொலன்னாவை, மட்டக்குளி பக்கம் இருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் ஒன்றை விட்டுவிடுங்கள்: கொழும்பு வானத்தைப் பார்த்து வெள்ளம் வருமா வராதா என்று முடிவு கட்டுவதை. 2016 மே மாதம் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறிய அன்று இங்கே பெரிய மழையே இல்லை, அதனால்தான் சாமான்களைத் தூக்கி வைக்காமல் இருந்துவிட்டோம், பிள்ளைகளின் கொப்பி புத்தகம் எல்லாம் சேற்றோடு போயிற்று.

கனடாவில் இருக்கும் அக்காவின் ஊர் ஆறு மலைப்பனி உருகிப் பெருகுகிற ஆறு. பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து, வெப்பம் ஏறுகிற வேகத்தையும் பார்த்து, வாரக்கணக்கில் முன்னரே சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பெய்கிற மழை 145 கிலோமீட்டர் ஓடி மட்டக்குளியில் கடலில் விழ எடுக்கிற நேரம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம், அதை வீணாக்கக் கூடாது.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் மழை. ஆற்றின் மேற்பக்கமான கித்துல்கல, தெரணியகல, நோர்வூட் பக்கத்து 24 மணித்தியால மழைவீழ்ச்சியைப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லீட்டர். 100 மில்லிமீட்டர் பெய்தால் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரில் 10 கோடி லீட்டர் விழுந்துவிட்டது, களனிப் படுகையோ 2,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஒரு இடத்தில் மட்டும் கொட்டினால் ஆறு ஓரளவு தாங்கும். எல்லா இடத்திலும் மூன்று இலக்கம் வந்தால், அதுவும் ஏற்கெனவே ஒரு கிழமை நனைந்த மண்ணில் வந்தால், அப்போதே ஆயத்தமாகுங்கள், ஏனென்றால் ஊறிய மண் இனி எதையும் குடிக்காது. நான் யட்டியந்தோட்டையில் இருக்கும் மாமாவுக்கும் ஒரு கோல் எடுப்பேன். "ராத்திரி முழுக்க விடவேயில்லப்பா, ஓடை பாலத்துக்கு மேலால போகுது" என்று அவர் சொன்னால் எனக்கு அது போதும்.

அடுத்தது ஆற்று மட்டம், முக்கியமான வேலை இதுதான். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, கொழும்பு நாகலகம் வீதி என்று மேலிருந்து கீழாக அளந்து வெளியிடுகிறது. ஹங்வெல்லவில் 7 மீட்டர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பாரிய வெள்ளம். நாகலகம் வீதியில் கணக்கு அடியில்: 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பாரிய வெள்ளம். அடியையும் மீட்டரையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு, பயப்பட வேண்டிய நேரத்தில் பேசாமல் இருக்கிறவர்களும் உண்டு, கவனம்.

மட்டத்தை விட அது ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். ஹங்வெல்லவில் காலை 6 மணிக்கு 6.10, 9 மணிக்கு 6.70 என்று வையுங்கள். மூன்று மணித்தியாலத்தில் 60 சென்டிமீட்டர், மணிக்கு 20. அப்படியே போனால் பத்தரைக்கு 7 மீட்டர். அடுத்த அளவில் ஏற்றம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? கூடியிருந்தால் மேலே கிளென்கோர்ஸைப் பாருங்கள். அங்கே இறங்கத் தொடங்கியிருந்தால் மூச்சு விடலாம், அங்கேயும் ஏறினால் ஹங்வெல்ல இன்னும் ஏறும், அப்புறம் நாங்கள்.

ஹங்வெல்ல உச்சம் தொட்ட நேரத்தையும் நாகலகம் வீதி உச்சம் தொட்ட நேரத்தையும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள மணித்தியாலங்கள்தான் உங்கள் கையில் இருக்கிற நேரம். கூடவே அன்று உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் குறியுங்கள். எங்கள் கேட் தூணில் 2016க்கு ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது, என் இடுப்புக்குச் சற்று மேலே.

மேலே உள்ள லக்சபான, கனியன் நீர்த்தேக்கங்களில் வான்கதவு திறப்பதாகச் செய்தி வந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஆறு உயர்ந்து நிற்கும்போது நகரத்துக் கால்வாய்த் தண்ணீர் ஆற்றுக்குள் வடிய வழியில்லை, ஆகவே அந்த நேரம் கொழும்பில் பெய்கிற மழையும் உங்கள் ஒழுங்கையிலேயே தேங்கும்.

நாகலகம் வீதி 5 அடியை நெருங்கி இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள், வயதானவர்களை வெளிச்சம் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள். உதவி வேண்டுமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.